வளை உளுத்தது யாருக்குத் தெரியும்? முதுமாணி வகுப்பு ஒன்றின் செயற்றிட்ட அனுபவம்: நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் ஒரு முதுமாணிக் கற்கைநெறியில் செயற்றிட்ட முகாமைத்துவம் படிப்பிக்கிறேன். 2024 செப்டெம்பரிலிருந்து 2025 ஜனவரி வரை அந்த வகுப்பின் ஒரு குழுவுக்கு என்ன நடந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். குழுவின் ஐந்து பேரும் இதை எழுதச் சம்மதித்திருக்கிறார்கள். ஊர், நிறுவனம், ஆட்கள் எதற்கும் பெயர் போடவில்லை. இதே பாடத்தைப் படிப்பிப்பவர்களுக்கும், கந்தோரில் சின்னச் சின்ன வேலைத்திட்டங்களைத் தலையில் சுமப்பவர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன். நான் எடுத்த முடிவுகளில் ஒன்று பிழை. அதை மறைத்தால் இந்தப் பதிவால் யாருக்கும் பயனில்லை.

## பின்னணி

பாடம் 3 கிரெடிட். வகுப்பு 45 மணி நேரம். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின் கணக்கில் 150 மணி நேரக் கற்றல். அந்தத் தொகுதியில் 27 பேர் இருந்தார்கள். வங்கி, பிரதேச செயலகம், அரச சார்பற்ற நிறுவனம், தனியார் கம்பனி, பாடசாலை என்று பல இடங்களிலிருந்தும் வந்தவர்கள். ஆக இளையவருக்கு 27 வயது, மூத்தவருக்கு 51. ஸ்லைட் ஆங்கிலத்தில் ஓடும், கதை தமிழில் நடக்கும்.

அதற்கு முந்திய ஆண்டுகளில், செயற்றிட்ட முகாமைத்துவத்துக்கு அமெரிக்காவின் பிஎம்ஐ நிறுவகம் வெளியிடும் பிஎம்போக் வழிகாட்டியின் 2017ஆம் ஆண்டு ஆறாம் பதிப்பை ஒட்டியே படிப்பித்து வந்தேன். 10 அறிவுத் துறைகள், 49 செயன்முறைகள் கொண்ட பெரிய அட்டவணை அது. 2021இல் வந்த ஏழாம் பதிப்பு அந்த அமைப்பை விட்டு 12 கொள்கைகளுக்கு மாறிவிட்டது. ஆனால் பழைய அட்டவணை பரீட்சை வினா எழுத வசதியாக இருந்ததால் நான் மாறவில்லை. மாணவர்களும் நன்றாகவே சித்தியடைந்தார்கள்.

என்னை உறுத்தியது அவர்களின் ஒப்படைகள். இரண்டு தொகுதிகளில் வந்த அத்தனை ஒப்படைகளையும் ஒரு விடுமுறையில் திரும்ப எடுத்துப் பார்த்தேன். எதிலும் ஒரு வேலைகூடப் பிந்தவில்லை. ஒவ்வொரு வேலையையும் நாட்களின் மேல் ஒரு பட்டையாகக் காட்டும் கான்ட் அட்டவணைகள் வண்ணம் வண்ணமாக, ஒரு நாள் பிசகாமல் முடிந்திருந்தன. எழுதியவர்களோ 2022 நெருக்கடியில் சீமெந்து விலை கிழமைக்குக் கிழமை ஏறியதையும், டீசல் வரிசையில் லொறி நின்றதால் வேலைத்தளம் மூடியதையும் தாங்களே அனுபவித்தவர்கள். அந்த அனுபவத்தில் ஒரு வரிகூடத் தாளில் ஏறவில்லை. முடிவுத் திகதியை முதலில் எழுதிவிட்டுப் பின்னோக்கி நிரப்பும் பழக்கம் கந்தோரிலிருந்து வகுப்புக்கும் வந்திருந்தது.

ஆகவே 2024 தொகுதிக்கு எழுத்து ஒப்படையை நிறுத்தினேன். ஐந்து குழுக்கள், ஒவ்வொரு குழுவும் ஊரில் உண்மையான ஒரு சிறு வேலையை எடுத்துச் சுமார் எட்டுக் கிழமையில் முடிக்க வேண்டும். பரீட்சைக்கு 50 புள்ளி, செயற்றிட்டத்துக்கு 50. அந்த 50இல் திட்டத்துக்கு 15, வாராந்த அறிக்கைகளுக்கு 10, சொன்ன திகதியில் முடிப்பதற்கு 15, குழுவினர் ஒருவருக்கொருவர் இடும் மதிப்பீட்டுக்கு 10.

## குழுவும் வேலையும்

நல்லூர்த் திருவிழா முடிந்த அடுத்த ஞாயிறு, செப்டெம்பர் 8இல் வகுப்பு தொடங்கியது. நான் இங்கே எழுதும் குழு ஒரு சனசமூக நிலையத்தின் வாசிகசாலையை எடுத்தது. பழைய ஓட்டுக் கூரை ஒழுகியது. ஓடு மாற்றி, மின்னிணைப்பைத் திருத்தி, சுவருக்குப் பெயின்ற் அடித்து, மூன்று புத்தக அலுமாரியும் இரண்டு மின்விசிறியும் வைப்பதுதான் வேலை. அந்த ஊரிலிருந்து வெளிநாடு போன ஒருவர் 285,000 ரூபா தர ஒப்புக்கொண்டார். நவம்பர் 24இல் திறப்பதாகப் பேச்சு.

குழுத் தலைவர் வங்கியில் உதவி முகாமையாளர், ஐம்பதை நெருங்கியவர், பணம் கொடுப்பவருக்குப் பள்ளித் தோழர். மற்றவர்கள்: பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கும் ஒரு பெண், அரச சார்பற்ற நிறுவனமொன்றின் கள அலுவலர், கணினிக் கம்பனியில் வேலை செய்யும் ஒருவர், அரச திணைக்களமொன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருக்கும் 28 வயது இளைஞர். கள அலுவலர் தலைவரை "அண்ணை" என்பார். இளைஞருக்கு அவர் "சேர்". தலைவர் இளைஞரைத் "தம்பி" என்று பாசத்தோடுதான் கூப்பிடுவார். இதைச் சொல்லாமல் விட்டால் பிறகு நடந்தவை விளங்காது. தலைவர் கடுமையான மனிதர் அல்லர். எல்லோருக்கும் வடையும் தேத்தண்ணியும் வாங்கிக்கொண்டு வருபவர் அவர்தான்.

## செப்டெம்பர் 29: மூன்று எண்கள்

ஜனாதிபதித் தேர்தல் காரணமாக 22ஆம் திகதி வகுப்பு நடக்கவில்லை. 29ஆம் திகதி காலமதிப்பீடு படிப்பித்தேன். 1958இல் அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான பேர்ட் முறை எல்லோருக்கும் தெரியும்: மிக விரைவாக முடிந்தால் எத்தனை நாள், வழமையாக எத்தனை நாள், எல்லாம் பிழைத்தால் எத்தனை நாள். நடு எண்ணை நான்கால் பெருக்கி மூன்றையும் கூட்டி ஆறால் வகுக்க வேண்டும்.

கூரை வேலைக்கு இந்தக் குழு எழுதியது 4, 5, 6. விடை 5 நாள். அந்த விடை எவ்வளவு பிசகலாம் என்று காட்டும் நியம விலகல் ஒரு நாளின் மூன்றில் ஒரு பங்கு.

சூத்திரம் சரி, கணக்கு சரி. ஆனால் எல்லாம் பிழைத்தால் ஆறு நாள் என்று எழுத, எது பிழைக்கும் என்பதை அவர்கள் நினைத்தே பார்க்கவில்லை. கணினிக்காரர் பிறகு எனக்குச் சொன்னார்: தலைவர் "ஐஞ்சு நாள்" என்றாராம், முன்னுக்கும் பின்னுக்கும் ஒன்று கூட்டிக் குறைத்தார்களாம். மற்ற நான்கு குழுக்களின் தாள்களும் இதே மாதிரித்தான்.

அன்றைக்கே, வேலையில் எது பிழைக்கலாம் என்று எழுதிவைக்கும் இடர்ப் பதிவேட்டையும் பார்த்தேன். சூறாவளி, வெள்ளம், நாணயப் பெறுமதி வீழ்ச்சி. 27 பேர் எழுதிய பதிவேடுகளில் மேசன் வராமல் விடுவது ஒன்றிலும் இல்லை. இதை நான் பல காலம் கவனமின்மை என்றே நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. "இடர்" என்ற சொல்லை நாங்கள் அனர்த்த முகாமைத்துவச் சுற்றறிக்கைகளில்தான் கேட்டுப் பழகியிருக்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் மனம் கடலையும் வானத்தையும் பார்க்கிறது. பக்கத்தில் நிற்கும் ஓடாவியைப் பார்ப்பதில்லை. இதை உணர்ந்து வேறு விதமாகக் கேட்க எனக்கு இன்னும் மூன்று கிழமை பிடித்தது.

## ஒக்டோபர் 6, 13: இரண்டு பச்சை அறிக்கைகள்

வாராந்த அறிக்கை ஒரு பக்கம். மேலே ஒரு நிறப் பெட்டி: பச்சை, மஞ்சள், சிவப்பு. இரண்டு கிழமையும் பச்சை. ஓடு, சிலாகை வாங்கியாயிற்று. கூரை பிரிப்பது ஒக்டோபர் 21.

13ஆம் திகதி வகுப்பு முடிந்து நான் மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது அந்தத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பின்னால் வந்தார்.

"மிஸ், ஒரு விசயம் கதைக்கலாமோ?"

"சொல்லுங்கோ."

"வளை உளுத்துப் போச்செண்டு நினைக்கிறன். முதல் நாள் பாக்கப் போகேக்க வாங்கில் ஏறித் தட்டிப் பாத்தனான். பொள்ளல் சத்தம். கையில மாவு மாதிரிக் கொட்டுண்டது."

"குழுவில சொன்னனீங்களோ?"

"இல்லை மிஸ். சேர் அப்ப காசு தாறவரோட வீடியோவில கதைச்சுக்கொண்டு நிண்டவர். நல்லா இருக்கு, ஓட்டை மட்டும் மாத்தினாச் சரி எண்டு காட்டிக்கொண்டிருந்தவர். நான் எப்பிடிக் குறுக்க சொல்லுறது? பிறகு சொல்லவும் ஒரு மாதிரிப் போச்சு."

வளை என்பது சுவரின் மேல் கிடந்து கூரை மரங்களைத் தாங்குவது. அது உளுத்திருந்தால் ஓட்டை மாற்றுவதில் பிரயோசனமில்லை. ஐந்து நாள் வேலை என்பதும், 285,000 ரூபா என்பதும் அந்த நிமிடமே பொய்யாகிவிட்டன. எட்டு நாளாக ஒருவருக்கு மட்டும் அது தெரிந்திருந்தது.

என் முன்னால் இரண்டு வழி இருந்தன. நானே தலைவரிடம் சொல்வது ஒன்று. சொன்னால் யார் சொன்னது என்று உடனே தெரியும்; நம்பி வந்த பிள்ளையை நான் காட்டிக்கொடுத்ததாகும். மற்றது, அடுத்த ஞாயிறு பாடத்திட்டத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு பயிற்சி வரை பொறுப்பது. பெயர் எழுதாமல் துண்டில் எழுதும் பயிற்சி அது. விடயம் அங்கே தானாக வெளியே வரும் என்று நினைத்தேன். கூரை பிரிப்பது 21ஆம் திகதி, பயிற்சி 20ஆம் திகதி. ஒரு கிழமை பொறுத்தால் என்ன என்று முடிவெடுத்தேன். "எழுதுங்கோ, பெயர் வேண்டாம்" என்று அவருக்குச் சொல்லி அனுப்பினேன்.

## ஒக்டோபர் 17: பூரணை

21 என்ற திகதி மாறக்கூடும் என்று நான் எண்ணவில்லை. 17ஆம் திகதி வியாழக்கிழமை பூரணை விடுமுறை. எல்லோருக்கும் ஓய்வு, பணம் கொடுத்தவரும் படம் கேட்டுக்கொண்டிருந்தார். "நாலு நாள் முந்தினால் நல்லதுதானே" என்று தலைவர் அன்றைக்கே கூரையைப் பிரிக்க ஏற்பாடு செய்தார். மத்தியானத்துக்குள் ஓடு முழுவதும் இறங்கி முற்றத்தில் அடுக்கப்பட்டது. ஓடாவி மேலே ஏறி, உளியால் ஒரு குத்துக் குத்தினார். உளி பிடிவரை இறங்கியது. இரண்டு பக்க வளையும், 11 கைமரங்களும் கறையானுக்கும் உளுப்புக்கும் போயிருந்தன.

அன்று பின்னேரம் மழை தூறியது. வாசிகசாலைப் புத்தகங்களையும் பழைய பத்திரிகைக் கட்டுகளையும் அள்ளிக்கொண்டுபோய்ப் பக்கத்துக் கோயில் மடத்தில் வைத்தார்கள்.

## ஒக்டோபர் 20: துண்டுகள்

அன்றைய மூன்றாவது அறிக்கையும் பச்சைதான். "கூரை மரத்தில் சிறு திருத்தம் தேவை" என்று அடியில் ஒரு வரி.

பயிற்சி இதுதான். உளவியலாளர் கேரி கிளைன் பரவச்செய்த முறை அது. வழமையாக வேலை தொடங்க முன்பே, அது தோற்றுவிட்டதாக வைத்துக்கொண்டு காரணம் எழுதுவார்கள்; நாங்கள் வேலையின் நடுவில் செய்தோம். கரும்பலகையில் இப்படி எழுதினேன்: "இன்றைக்கு டிசம்பர் 22. உங்கள் வேலை முடியவில்லை. எதனால் இழுபட்டது?"

"இடர்" என்று எழுதப் போய், கடைசி நேரத்தில்தான் "இழுபட்டது" என்று மாற்றினேன். வீட்டில் கதைக்கும் சொல் கைக்கு வந்தது, அவ்வளவுதான். ஆனால் பத்து நிமிடத்தில் 60க்கும் மேற்பட்ட துண்டுகள் சேர்ந்தன. மேசன் கலியாண வீட்டு வேலைக்குப் போய்விடுவார். காசோலையில் இரண்டாவது கையெழுத்துப் போடுபவர் கொழும்பில் நிற்பார். பொருளாளரும் தலைவரும் கதைப்பதில்லை. நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலுக்கு எங்கள் குழுவில் இரண்டு பேருக்குக் கடமை வரும். மூன்று கிழமைக்கு முன் அதே ஆட்கள் எழுதிய பதிவேட்டில் சூறாவளியும் வெள்ளமும் மட்டுமே இருந்தன.

ஒவ்வொரு குழுவும் தன் துண்டுகளைத் தலைவர் வாயால் வாசிக்க வேண்டும். வாசிகசாலைக் குழுவில் நான்காவது துண்டு: "வளை உளுத்தது ஓடு இறக்க முதலே எங்களில் ஒருத்தருக்குத் தெரியும்."

தலைவர் அதை வாசித்துவிட்டு மறுபடியும் மனதுக்குள் வாசித்தார். துண்டை மேசையில் வைத்து விரலால் தடவி நேராக்கினார். "ஆர் இது?" என்று கேட்கவில்லை. மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு இளைஞர் தானாக, "நான்தான் சேர்" என்றார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன். எனக்கும் ஒரு கிழமையாகத் தெரியும், பயிற்சிக்காகப் பொறுத்தேன், அது என் பிழை என்று சொன்னேன். பாடத்திட்டத்தில் உள்ள ஒரு பயிற்சி அழகாக நடக்க வேண்டும் என்பதற்காக, ஒரு கூரை திறந்து கிடக்க நானும் காரணமானேன். முதுமாணி வகுப்பில் படிப்பிப்பவருக்கு இந்த ஆசை வரும்: மாணவர் தாங்களே கண்டுபிடிக்கட்டும் என்ற ஆசை. வேலை உண்மையானது, மழை உண்மையானது என்றால் அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக்கூடாது.

தலைவர் பதில் சொல்லாமல் வெளியே போனார். தேத்தண்ணி இடைவேளை முடிந்து வந்து, இளைஞருக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். "தம்பி, இண்டைக்குப் பின்னேரம் அவனோட கதைக்கப்போறன். நீரும் வாரும், மரத்தைப் பற்றி நீரே சொல்லும்" என்றார்.

அபிவிருத்தி உத்தியோகத்தர் தேர்தல் கடமையைத் திட்டம் எழுதும் நாளில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தேர்தல் திகதி செப்டெம்பர் 24இலேயே வெளிவந்துவிட்டது. "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே மிஸ். நான் என்னத்தைப் புதுசாச் சொல்ல எண்டு இருந்திட்டன்" என்றார். இளைஞரின் மௌனம் மரியாதையால் வந்தது. இவருடையது வேறு வகை. தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்ற எண்ணத்தால் வந்தது. இரண்டுக்கும் மருந்து ஒன்றாக இருக்காது.

## கணக்கைத் திரும்பப் போட்டது

அன்று பின்னேரம் நடந்த தொலைபேசிக் கதையை அதில் கதைத்த மூவருமே எனக்கு ஒரே மாதிரிச் சொன்னார்கள். பணம் கொடுத்தவர் மேலதிகச் செலவைப் பற்றிக் கோபப்படவில்லை. இப்போது மேலதிகமாகத் தர முடியாது என்றார். பிறகு, "போன முறை வீடியோவில காட்டேக்க ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டார். "அப்ப எனக்குத் தெரியாது" என்றார் தலைவர். அது உண்மை. தம்பியின் பெயரை அவர் எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, 27ஆம் திகதி, ஈட்டிய பெறுமதிக் கணக்கை, அதாவது முடிந்திருக்க வேண்டிய வேலையின் பெறுமதியோடு முடிந்த வேலையின் பெறுமதியை ஒப்பிடும் கணக்கை, அவர்களோடு இருந்து திரும்பப் போட்டேன். பச்சை எப்படி வந்தது என்பதை நான் விளங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. 20ஆம் திகதிக்குள் 120,000 ரூபா பெறுமதியான வேலை முடிந்திருக்க வேண்டும் என்பது திட்டம். ஓடும் மரமும் வாங்கிய 96,000, கூரை பிரித்த 18,000, ஆக 114,000 ஈட்டியதாக எழுதியிருந்தார்கள். 114ஐ 120ஆல் வகுத்தால் 0.95. எங்கள் விதிப்படி 0.9க்கு மேல் பச்சை.

முற்றத்தில் அடுக்கிக் கிடக்கும் ஓட்டை முடிந்த வேலையாகக் கணக்கெடுத்ததுதான் கோளாறு. ஒரு பகுதி முழுதாக முடிந்தால் மட்டுமே அதன் பெறுமதியைச் சேர்ப்பது என்ற விதியை வைத்தால், ஈட்டியது 18,000 மட்டும். குறிகாட்டி 0.15. ஒரே நாள், ஒரே கூரை. இந்த விதியை நான் செப்டெம்பரிலேயே ஸ்லைடில் காட்டியிருந்தேன். ஆனால் எந்த விதியால் அளப்பது என்பதை அவர்கள் விருப்பத்துக்கு விட்டிருந்தேன்.

பிறகு மிச்சக் கூரை வேலைக்கு ஐந்து பேரும் தனித்தனியாக, ஒருவர் தாளை ஒருவர் பாராமல், நாட்காட்டி நாளில் எழுதினார்கள். வந்த எண்கள்: 8, 10, 12, 25, 40. எட்டு என்றவர் தலைவர். நாற்பது என்றவர் அபிவிருத்தி உத்தியோகத்தர். ஒரு மாதத்துக்கு முன் இதே குழு 4, 5, 6 என்று எழுதியது.

தலைவர் அபிவிருத்தி உத்தியோகத்தரின் துண்டை எடுத்துத் திருப்பினார். பின்பக்கத்தில் பென்சிலால்: தீபாவளி 31, அதற்கு முன்பின் இரண்டு நாள் ஓடாவி வரமாட்டார்; மரக்காலையில் காய்ந்த பனை இல்லை, இனித் தறித்து எடுப்பதென்றால் அனுமதி வேண்டும்; தேர்தல் 14; கார்த்திகை மழை. "இதை விளங்கப்படுத்தும் பிள்ளை" என்றார். அவர் விளங்கப்படுத்தினார். ஓடாவியையும் போனில் கேட்டார்கள். "மழை விட்டாப் பத்து நாள். விடாட்டி என்னைக் கேளாதேங்கோ" என்று பதில் வந்தது.

1979இல் கானமனும் ட்வெர்ஸ்கியும் விவரித்த திட்டமிடல் மயக்கம் இதுதான்: செய்யப்போகிறவர் தன் வேலையை உள்ளிருந்து பார்த்தால் பெரும்பாலும் குறைவாகவே மதிப்பிடுவார். அதற்கு நான் வழமையாகச் சொல்லும் உதாரணம் சிட்னி ஒபரா மண்டபம். 1963இல் 70 லட்சம் ஆஸ்திரேலிய டொலரில் முடியும் என்று தொடங்கி, 1973இல் 10 கோடியே 20 லட்சத்தில் முடிந்தது. மாணவர்கள் அதை ஆர்வத்தோடு கேட்பார்கள், தங்கள் தாளில் எதையும் மாற்றமாட்டார்கள். பென்சிலால் எழுதிய அந்த நான்கு வரியைப் பார்த்தபோது மற்றக் குழுக்களும் தங்கள் திகதிகளை எடுத்துத் திருத்தத் தொடங்கின.

வேலையின் அளவையும் அன்றைக்கே குறைத்தார்கள். புதிய மரத்துக்கும் தச்சுக் கூலிக்கும் 68,000, தறப்பாளுக்கு 9,500. அதை ஈடுசெய்ய இரண்டு அலுமாரியும் இரண்டு மின்விசிறியும் போயின; 80,000 மிச்சம். சனசமூக நிலைய நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுத்து, திறப்பு தைப்பொங்கலுக்குப் பிறகு என்று ஒப்புதல் வாங்கினார்கள்.

## நவம்பர், டிசம்பர்

ஓடாவி நவம்பர் 6இல் திரும்பினார். 20ஆம் திகதிக்குள் வளையும் கைமரமும் ஏறின. மூன்றில் இரண்டு பங்கு ஓடு போட்டிருந்த நிலையில், பின்னர் ஃபெங்கல் என்று பெயர் பெற்ற தாழமுக்கத்தின் மழை பிடித்தது. உயர்தரப் பரீட்சையே நிறுத்தப்பட்ட கிழமை அது. 27ஆம் திகதி இரவு தறப்பாள் ஒரு பக்கம் கழன்றபோது, தலைவரும் இளைஞரும் முழங்கால் தண்ணீரில் போய்க் கட்டினார்கள். கூரை டிசம்பர் 8இல் முடிந்தது. மதிப்பீடு எழுதிய ஒக்டோபர் 27இலிருந்து 42 நாள். நாற்பது என்று எழுதியவர் இரண்டு நாளால் பிழைத்தார்.

ஓடாவியின் கூலிக் கொப்பியில் கூரைக்கு மொத்தம் 17 வேலைநாள். ஆனால் கூரை பிரித்த நாளிலிருந்து நாட்காட்டியில் 52 நாள். இந்த இரண்டு எண்ணையும் இப்போது முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதுகிறேன்.

சுவர் காயாமல் பெயின்ற் அடிக்க முடியவில்லை. வாசிகசாலை 2025 ஜனவரி 26இல் திறந்தது, சரியாக ஒன்பது கிழமை பிந்தி. செலவு 282,500. ஒரே ஒரு அலுமாரி. மிச்சப் புத்தகங்கள் இப்போதும் வாங்கில் அடுக்கிக் கிடக்கின்றன.

## புள்ளிகள்

டிசம்பர் 22இல் வகுப்பு முடிந்தபோது வேலை முடியவில்லை. ஆகவே சொன்ன திகதியில் முடிப்பதற்கான 15 புள்ளியும் போயிற்று. தொடக்கத்தில் கொடுத்த விதியை நடுவில் மாற்றுவது மற்றக் குழுக்களுக்கு நியாயமாகாது. ஆகவே மாற்றவில்லை. அந்த முடிவில் எனக்குச் சந்தேகமில்லை. விதியைத்தான் நான் தொடக்கத்திலேயே பிழையாக எழுதினேன்: உண்மையான திகதியைச் சொல்லும் குழுவுக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை, கடைசிவரை பச்சை காட்டும் குழுவுக்கு நட்டமும் இல்லை.

இதைவிட மனதை அரித்தது மற்ற 10 புள்ளி. குழுவினரின் மதிப்பீட்டில் இரண்டு பேர் இளைஞருக்குப் பத்துக்கு நான்கு போட்டிருந்தார்கள். காரணம் எழுதும் இடத்தில், "குழுவுக்குள் பேசாமல் வெளியே சொன்னார்." தலைவர் பத்துப் போட்டிருந்தார். சராசரிதான் கணக்கு என்பதால் அந்த நான்குகள் அப்படியே நின்றன. நான்தான் அவரை எழுதச் சொன்னேன். விலை அவர் கொடுத்தார். அவரைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். "பரவாயில்லை மிஸ்" என்றார். எனக்குப் பரவாயில்லை என்று தோன்றவில்லை.

## 2025 தொகுதியில் மாற்றியவை

நிறப் பெட்டியை எடுத்துவிட்டேன். வாராந்த அறிக்கையில் இப்போது மூன்று கேள்விதான், தமிழில்: போன கிழமை நினைத்ததற்கும் நடந்ததற்கும் என்ன வித்தியாசம்? இனி எத்தனை நாள் பிடிக்கும்? தெரிந்தும் யாரிடம் இன்னும் சொல்லவில்லை? மூன்றாவது கேள்விக்கு வெற்றிடம் விட முடியாது. ஒருவருமில்லை என்றால் ஐந்து பேரும் தனித்தனியே அப்படி எழுத வேண்டும். "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்பதற்கு இந்தக் கேள்வி ஓரளவு உதவுகிறது.

குழுக் கூட்டத்தில் வயதில் இளையவர் முதலில் பேசுவார், தலைவர் கடைசியில். மூத்தவர் ஒருமுறை "ஐஞ்சு நாள்" என்றுவிட்டால் அதற்குப் பிறகு ஆறு என்று சொல்வது எதிர்த்துப் பேசுவதாகிவிடும்; அவர் வாய் திறக்க முன் சொன்னால் அது வெறும் எண்.

சொன்ன திகதியில் முடிப்பதற்கான 15 புள்ளி இப்போது எதிர்வுகூறலுக்கு. முடிவுத் திகதி மாறும் என்று தெரிந்தவுடன் மாற்றிய குழுவுக்குப் புள்ளி, கடைசிக் கிழமையில் மாற்றினால் இல்லை. குழுவினர் மதிப்பீடு எண்ணாக இல்லாமல் எழுத்தாக மட்டும் இருக்கிறது. பொருள் வாங்கியதை ஈட்டிய பெறுமதியில் சேர்ப்பதில்லை. திட்டம் ஏற்கப்பட முன் குழுவில் ஒருவராவது ஏணி வைத்து ஏறியோ, கிணற்றுக்குள் இறங்கியோ, கையால் தொட்டுப் பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும்.

எனக்கும் ஒரு விதி போட்டிருக்கிறேன். தனியாக வந்து யாராவது ஒரு விடயம் சொன்னால், அது 24 மணி நேரத்துக்குள் குழுவுக்குப் போக வேண்டும். எப்படிப் போவது, யார் வாயால் போவது என்பதை வந்தவரோடு சேர்ந்து முடிவு செய்வேன். போவதா இல்லையா என்பதில் பேச்சில்லை. முதல் வகுப்பிலேயே இதை அறிவித்துவிடுகிறேன்.

## தீராத ஒன்று

திறப்பு நாளில் இளைஞர் என்னிடம் கேட்டார்: "வகுப்பெண்டபடியால் துண்டில எழுதினம் மிஸ். கந்தோரில அப்பிடி ஏலாதே. மேல இருக்கிறவர் பச்சை எண்டால் பச்சைதான்."

வாசிகசாலைத் தலைவரைப் போல் எல்லாத் தலைவரும் பக்கத்துக் கதிரையில் வந்து உட்காரமாட்டார்கள். அதனால் இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. அவர் கையில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைப் பயன்படுத்தலாம் என்று மட்டும் சொன்னேன். வேலைத்தளத்துக்குப் போகும்போது அவர் குறிப்புப் புத்தகம் எழுதுகிறார். கண்டதைக் கண்ட அன்றே திகதியோடு எழுதி, அடுத்த கூட்டத்தில் மேலதிகாரியிடம் கையெழுத்துக்கு நீட்டலாம். வாயால் குறுக்கே சொல்வதைவிட அது கொஞ்சம் எளிது.

மூன்று மாதத்துக்குப் பிறகு வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். ஒரு மதகு வேலையின் குறிப்புப் பக்கம். கொங்கிறீற்றில் தேன்கூடு விழுந்த இடத்தை, அதாவது கலவை நிரம்பாமல் பொந்து பொந்தாக நின்ற இடத்தை அளந்து, எந்தத் தூணிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை அங்குல ஆழம் என்று எழுதியிருந்தார். கீழே அவரின் கையெழுத்து இருந்தது. பக்கத்தில் மேலதிகாரி கையெழுத்திடும் கோடு வெறுமையாக இருந்தது.